பாவாவுக்கு மட்டும் இடது

என்னிடம் வண்டி கற்றுக்கொள்ள வந்தவர்களில் பெண்களுக்குத்தான் கிளட்ச் சீக்கிரம் பிடிபடும், மேடம். ஆண்களுக்கு வண்டியை அதட்டிப் பார்க்கும் ஆசை இருக்கும். பெண்கள் சொன்னதைச் செய்வார்கள். சற்று முன் நீங்களே ஸ்டேஷன் ஜீப்பைப் பின்னால் எடுத்து வேப்பமரத்தடியில் நிறுத்தியதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே முறையில் நிறுத்தினீர்கள். நல்ல கை.

நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. என் அக்காவின் கணவர், நான் பாவா என்று கூப்பிடும் பிரேம்குமாருக்கு, வெளிநாட்டில் வண்டி ஓட்ட நான்தான் பயிற்சி கொடுத்தேனா என்று. ஆமாம், நான்தான் கொடுத்தேன். இதோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னார் வக்கீல். ஆனால் பாதியைச் சொன்னால் மீதியை நீங்கள் தப்பாக எழுதிக்கொள்வீர்கள். எதையும் அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை.

அரக்கோணம் சாலையில் என் டிரைவிங் ஸ்கூல் இருக்கிறது. திருத்தணியில் வேறு ஸ்கூல்களும் உண்டு. ஆனால் வளைகுடாவுக்குப் போகிறவர்கள் பள்ளிப்பட்டு, மணவூர் என்று எங்கிருந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். நான் ஓமானில் ஒன்பது வருடம் ஓட்டியவன். அங்கே வலப்பக்கமாகப் போக வேண்டும். ஸ்டீயரிங் காரின் இடப்பக்கம் இருக்கும். அதற்காகவே பழைய அம்பாசடர் ஒன்றின் ஸ்டீயரிங்கைக் கழற்றி, வீட்டு வாசலில் ஒரு இரும்புச் சட்டத்தில் பொருத்தி, அதன் முன்னால் ஒரு சீட்டையும் போட்டு வைத்திருக்கிறேன். முதல் வாரம் அதில்தான் உட்கார வைப்பேன். பிறகு ஆலை வேலை இல்லாத மாதங்களில் திருவாலங்காடு பக்கம் கரும்பு லாரிகள் போகும் வெறும் சாலையில் வலப்பக்கமாக ஓட்டச் சொல்வேன்.

அங்கே போகிறவர்கள் பயப்படுவது திருப்பங்களைப் பற்றி. எந்தப் பக்கம் ஏறுவது, ரவுண்டானாவை எப்படிச் சுற்றுவது. அதில் பெரிய ஆபத்து இல்லை. புது ஊரில் திருப்பம் வரும்போது யாரும் தூங்கிக்கொண்டு ஓட்டுவதில்லை. ஆபத்து பயத்தில் இருக்கிறது. எதிரே திடீரென்று ஒன்று வரும்போது மூளை வேலை செய்யாது, கை வேலை செய்யும். கை தன் பழைய வீட்டுக்குத்தான் ஓடும். நம் ஊரில் பயந்தால் இடப்பக்கம் ஒதுங்குவோம். இங்கே அது சாலையோரம். அங்கே அதே இடப்பக்கம் எதிரே வருகிறவனின் பாதை. ஒதுங்குவதாக நினைத்துக்கொண்டு நேராக அவன் மேல் ஏறிவிடுவோம்.

அதனால் கையைப் புதிதாகப் பழக்க வேண்டும். என் முறை எளிமையானது. பக்கத்தில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசிக்கொண்டே வருவேன். திடீரென்று டாஷ்போர்டில் அறைந்து, "வரான்" என்பேன். அந்த நொடியில் அவர்கள் "ரைட்டு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வலது பக்கம் மண்ணில் இறக்க வேண்டும். வாய் சொன்னால் கை கேட்கும். யோசிக்காமல் கை போகும்வரை விடமாட்டேன். என்னிடம் கற்றுப்போனவர்களில் யாருக்கும் அங்கே எதிர்வண்டியில் மோதி விபத்து நடந்ததில்லை. பாவாவைத் தவிர.

அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். கல்பனா எனக்கு ஏழு வயது மூத்தவள். அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் போனபோது நான் நான்காம் வகுப்பு. எங்களுக்குத் திருவாலங்காட்டில் கொஞ்சம் நிலம் இருந்தது. அக்கா படிப்பை விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டாள். பெண் கேட்டு வந்தவர்களிடம், "எங்க அசோக்கு ஒரு நெலைக்கு வரட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லி அனுப்புவாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்பேன். பதினெட்டு வயது வரை அவள்தான் எனக்குச் சோறு பிசைந்து உருட்டிக் கையில் வைப்பாள். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் வீட்டுக்குள் அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

ஓமானுக்கு நான் போனதே அவளுக்காகத்தான். திருத்தணியில் மலை தெரிகிற மாதிரி ஒரு வீடு கட்டி, நாங்கள் இரண்டு பேரும் அதில் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். கிழக்குப் பக்க அறை அக்காவுக்கு. ஜன்னல் எங்கே வர வேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அங்கே ஐந்து வருடம் ஆனபோது ஒரு நாள் போன் செய்தாள்.

"அசோக்கு, கோவப்படாத. பொதட்டூர்பேட்டையில ஒரு எடம். பேரு பிரேம்குமார். டெம்போ ஓட்றாரு. உனக்கு லீவு கெடைக்கலன்னு சொன்னியே, அவுங்க இந்த மாசமே நாளு நல்லாகீதுன்றாங்க."

"நல்ல விஷயம்தானே அக்கா. பண்ணிக்கோ" என்றேன்.

அன்றைக்கு நான் ஒரு முறையும் குரல் உயர்த்தவில்லை. என்னைக் கோபக்காரன் என்று யாரும் உங்களிடம் சொல்ல முடியாது. விசாரித்துப் பாருங்கள்.

ஊர் திரும்பி வீடு கட்டினேன். கிழக்குப் பக்க அறையைப் பூட்டியே வைத்திருந்தேன். அக்கா பொதட்டூர்பேட்டையில் இருந்தாள். அவள் மகள் கயல்விழி பிறந்து தவழ்ந்துகொண்டிருந்தது. பாவா லுங்கிக் கட்டுகளை டெம்போவில் ஏற்றித் திருத்தணி ரயிலடிக்கு வரும்போதெல்லாம் என் வீட்டுக்கு வருவார். உரக்கச் சிரிக்கிற ஆள். சமையலறைக்குள் அவராகவே போய்ச் சட்டியைத் திறந்து பார்ப்பார். என் தட்டிலிருந்தே ஒரு கவளம் எடுத்துத் தின்பார். "மச்சான், உங்க அக்கா கொழம்புக்கு முன்னாடி இது நிக்காது" என்பார். உங்க அக்கா என்றுதான் சொல்வார். ஆனால் குழம்பு இப்போது அவருக்குக் கிடைக்கிறது என்பதை அதில் சொல்லிவிடுவார்.

அவர் அக்காவை அடித்தார். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு பொங்கலுக்குப் போனபோது அக்காவின் முழங்கைக்கு மேல் கன்னிப்போயிருந்தது. கேட்டதற்கு, "குக்கர் மூடி பட்ருச்சுடா" என்றாள். கயலும் அதையேதான் சொன்னது. "அம்மா கையில விசிலு பட்ச்சு மாமா." குழந்தைக்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டில் வேறு எப்போதும் அப்படி எதையும் நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரு முறை பார்த்தது போதாதா.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் பொறுமையாக இருந்தேன். ஒரு நாள் மத்தியானம் பாவா வந்தார். நான் வாசலில் ஜாக்கிக்கு கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தேன். மஸ்கட்டில் ஒரு தண்ணீர் கேன் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது என்றார்.

"போய் செட்டில் ஆயிட்டா கல்பனாவையும் பாப்பாவையும் கூட்டிக்கலாம்னு இருக்கேன் மச்சான். அங்க நம்மூரு புள்ளைங்க படிக்க ஸ்கூலெல்லாம் இருக்குதாமே."

"இருக்குது பாவா."

"கல்பனாவுக்கும் ஆசைதான். நீ பாத்த ஊர அவளும் பாக்கணுமாம்."

நான் கையைத் துணியில் துடைத்துக்கொண்டேன். பொதட்டூர்பேட்டை என்றால் பஸ் ஏறினால் போய்விடலாம். மஸ்கட்டுக்குப் போனவர்கள் எப்படி ஆவார்கள் என்பது எனக்குத் தெரியும். முதலில் வருடத்துக்கு ஒரு முறை வருவார்கள். பிறகு பிள்ளையின் படிப்பு என்பார்கள்.

"அங்க வண்டி ஓட்றது வேற மாதிரி பாவா. வாங்க, நானே உங்கள ரெடி பண்றேன்" என்றேன். மிகவும் சந்தோஷப்பட்டார். தோளில் கைபோட்டுக்கொண்டார்.

அவர் நல்ல டிரைவர். அதை மறுக்க மாட்டேன். ரவுண்டானாவெல்லாம் இரண்டு நாளில் பிடித்துக்கொண்டார். மற்றதெல்லாம் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்ததைப் போலவே கொடுத்தேன். ஒன்றைத் தவிர. டாஷ்போர்டில் அறைந்து "வரான்" என்றதும், அவர் "எடது" என்று சொல்லிக்கொண்டு இடப்பக்கம் ஒடிக்க வேண்டும் என்றேன்.

அவர் முட்டாள் இல்லை. முதல் நாளே வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கேட்டார்.

"மச்சான், அங்க ரைட்டுல போய்க்கினு இருக்கும்போது எடது பக்கம் ஒடிச்சா எதிர்ல வர்றவன் மேலதானே போவும்?"

"அப்பிடித்தான் தோணும் பாவா. ஆனா அங்க ரோட்டோரம் பூரா பூ மாதிரி மணலு. வேகத்துல எறங்கினா வண்டி உருண்டுடும். நானே நாலஞ்சு பேர தூக்கியிருக்கேன். எடது பக்கம் ரோடு அகலமா இருக்கும். எதிர்ல வர்றவன் நம்மூரு ஆளு மாதிரி இல்ல, பிரேக் அடிச்சு நிறுத்திடுவான்."

அவர் கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்தார். "நீ ஒம்போது வருசம் ஓட்டினவன். நீ சொன்னா சரிதான்" என்றார்.

என்னை நம்புவதா வேண்டாமா என்று அவர் தயங்கியது அந்தக் கொஞ்ச நேரம்தான். பிறகு ஒரு மாதம் பழக்கினேன். ஏற்கனவே இருந்த பழக்கம்தானே என்று நீங்கள் கேட்கலாம். உண்மை. ஆனால் புது ஊரில் ஓட்ட ஓட்டப் பழைய பழக்கம் தேய்ந்துபோகும். தேயாதபடி அதை இறுக்கி வைக்க வேண்டியிருந்தது. கயல் பள்ளி எப்படி இருக்கிறது என்று பேசிக்கொண்டே அறைவேன். அவர் இருமும்போது அறைவேன். சிரிக்கும்போது அறைவேன். கடைசி வாரத்தில் நான் கையை ஓங்குவதற்குள் வண்டி இடப்பக்கம் போயிருக்கும். "எப்பிடி மச்சான்?" என்பார். "பிரமாதம் பாவா" என்பேன். பயிற்சியைப் பொறுத்தவரை அது உண்மைதான். அவ்வளவு சுத்தமாக வேறு யாரும் கற்றுக்கொண்டதில்லை.

அங்கே போனதும் லைசென்ஸுக்குப் பரீட்சை வைப்பார்கள். நன்றாக வைப்பார்கள். ஆனால் பரீட்சையில் யாரும் யாரையும் பயமுறுத்துவதில்லை. அவர் முதல் முறையிலேயே தேறிவிட்டார்.

சென்னை விமான நிலையத்தில் அவரை வழியனுப்பிவிட்டுத் திரும்பும்போது அக்கா காரில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அவருக்கு எல்லாம் சொல்லிக் குடுத்துட்டியாடா?"

"ஆங். எல்லாம்."

"நீ இருக்கறதால எனக்கு பயமே இல்ல" என்றாள்.

மாதங்கள் போயின. ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வாத்தியாருக்கு இருக்கிற சங்கடம் எனக்கு இருந்தது. போனில் பேசும்போது, "வண்டி எப்பிடி போவுது பாவா?" என்று கேட்பேன். "உன் புண்ணியம் மச்சான், ஒரு கோடு விழல" என்பார். நான் சொல்லிக் கொடுத்த மற்றவையெல்லாம் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தன. அதற்காக நான் கோபப்படவில்லை. ஒரு நல்ல பயம் வர வேண்டும், அவ்வளவுதான். எவ்வளவு நாள் ஓட்டினாலும் அது ஒரு முறை எல்லோருக்கும் வரும்.

அந்தப் பயம் வருவதற்குள் அவர் அக்காவையும் கயலையும் ஆனி மாதத்தில் பள்ளிக்கு லீவு சொல்லச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டார். விசிட் விசா. பிடித்திருந்தால் அங்கேயே பள்ளியில் சேர்த்துவிடலாம் என்று பேசிக்கொண்டார்கள். அவர்களையும் நான்தான் விமான நிலையத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன். திருவள்ளூர் தாண்டும்போது கயல் பின்சீட்டிலிருந்து கழுத்தை நீட்டிக் கேட்டது.

"மாமா, அங்க எல்லாரும் ரைட்டுலயே போவாங்களாம். இடிச்சுக்க மாட்டாங்களா?"

"எல்லாரும் ஒரே மாதிரி போனா இடிச்சுக்க மாட்டாங்க பாப்பா."

"அப்பாவும் அதே மாதிரிதான் போவாரா?"

"போவாரு."

பொய் சொல்லவில்லை. சாதாரண நேரத்தில் அவர் அப்படித்தான் போனார்.

இப்போது நீங்கள் கேட்கப் போவதை நானே சொல்லிவிடுகிறேன். அந்த வண்டியில் அக்காவும் குழந்தையும் உட்காருவார்கள் என்று எனக்குத் தெரியுமா. தெரியும். விமான நிலையத்தில் பெட்டியை இறக்கும்போதே தெரியும். நான் நினைத்தது பாவாவை மட்டும்தான். குழந்தையை நான் கணக்கில் சேர்க்கவில்லை. விலக்கி வைக்கவும் இல்லை.

ஆடிக் கிருத்திகை அன்று அக்கா போன் செய்தாள். நான் மலையடிவாரத்தில் நின்றுகொண்டிருந்தேன். காவடிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. அரோகரா சத்தத்தில் போனைக் காதோடு அழுத்திக்கொண்டுதான் கேட்க வேண்டியிருந்தது.

"அசோக்கு, காவடி சத்தம் இங்க வரைக்கும் கேக்குதுடா. நாளைக்கு நாங்க சலாலா போறோம். அங்க இப்ப தூறலா இருக்குமாம், மலையெல்லாம் பச்சையா இருக்குமாம். கம்பெனி வண்டி குடுத்திருக்காங்க. அவரே ஓட்டினு போறாரு. ரொம்ப தூரமாமே?"

"தூரம்தான். நடுவுல பாலைவனம்."

"ரோடு நல்லா இருக்குமாடா?"

அந்தச் சாலையை நான் பலமுறை ஓட்டியிருக்கிறேன். அந்த நாட்களில் பாதி தூரம் நடுவில் தடுப்பு இல்லாமல் இருக்கும். அந்த மாதத்தில் எல்லோரும் சலாலாவுக்குத்தான் போவார்கள். முந்திக்கொண்டு வருகிறவர்கள் எதிர்ப்பாதையில் ஏறி வருவார்கள். நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி. பாவாவிடம் போனைக் கொடு என்று சொல்லி, வரான் என்றால் வலது என்று சொல்லியிருக்கலாம். கூட்டம் அதிகம்தான், சத்தம் அதிகம்தான். ஆனாலும் சொல்லியிருந்தால் கேட்டிருக்கும்.

"நல்லா இருக்கும். பாத்து போங்க" என்றேன்.

"சாமிகிட்ட எங்களுக்கும் சேத்து வேண்டிக்கோ" என்றாள். அன்று மலையேறி வேண்டிக்கொண்டேன். அக்கா வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று மட்டும்தான்.

மறுநாள் மாலை பாவாவின் கம்பெனியிலிருந்து ஒரு மலையாளி போன் செய்தார். தயங்கித் தயங்கிச் சொன்னார். எதிரே ஒரு லாரியை முந்திக்கொண்டு ஒரு கார் நேராக இவர்கள் பாதையில் வந்திருக்கிறது. பாவா இடப்பக்கம் ஒடித்து, அந்த லாரியில் நேராக மோதியிருக்கிறார். முந்திக்கொண்டு வந்த காருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த இடத்தில் வலப்பக்கம் மண் சமமாக, கெட்டியாகத்தான் இருந்ததாம். ஏன் அந்தப் பக்கம் இறங்கவில்லை என்று அங்கே போலீசுக்கே புரியவில்லை என்றார். இந்திய டிரைவர்கள் சில பேர் இப்படிச் செய்வதுண்டு என்று எழுதி முடித்துவிட்டார்கள். லாரி ஓட்டியவர் ஒரு பாகிஸ்தானி. அவருக்கு ஒரு கால் போய்விட்டது. பாவாவும் கயலும் அங்கேயே இறந்துவிட்டார்கள். அக்காவுக்கு முதுகெலும்பில் அடி.

இரண்டு பெட்டிகளையும் பொதட்டூர்பேட்டைக்கு நான்தான் கொண்டுபோனேன். சின்னப் பெட்டியை நானே தூக்கினேன். பாவாவின் அம்மா கௌரியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நைனா, நீ இல்லன்னா என் மருமவள யாரு பாப்பாங்க? நீதான்டா அவளுக்கு எல்லாம்."

"நான் பாத்துக்கறேன், பெரியம்மா" என்றேன். அந்த அம்மாளுக்கு நான் கொடுத்த வாக்கில் ஒரு நாளும் தவறவில்லை.

அக்கா ஸ்ட்ரெச்சரில் வந்து சேர்ந்தாள். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. கிழக்குப் பக்க அறையைத் திறந்து, ஜன்னலோரம் கட்டிலைப் போட்டேன். படுத்திருந்தபடியே கோயில் கோபுரம் தெரியும். குளிப்பாட்டுவதற்கும் உடை மாற்றுவதற்கும் தாயம்மாள் என்று ஒரு பெண்ணை வைத்தேன். மற்றதெல்லாம் நான். தலை வாரிவிடுவேன். சோறு பிசைந்து ஊட்டுவேன். போனில் பேசினால் அழுகிறாள் என்பதால் போனை எடுத்து வைத்துவிட்டேன். மாமியாரைப் பார்க்க வேண்டும், அங்கே கொண்டுபோய் விடு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். உடம்பு தேறட்டும் என்று சொல்லி வந்தேன். கயலின் பள்ளிக்கூடப் போட்டோ ஒன்று அவள் தலையணைக்கடியில் இருந்தது. அதைப் பார்த்துவிட்டால் சாப்பிடமாட்டாள். அதனால் அதையும் எடுத்துவிட்டேன்.

உண்மையைச் சொல்லச் சொன்னீர்கள். என் வாழ்க்கையில் மிகவும் நிம்மதியாக இருந்தது அந்த மாதங்கள்தான்.

போன மாதம் தணிகைவேல் என்று மணவூரிலிருந்து ஒருத்தன் கத்தாருக்குப் போவதற்காகப் பயிற்சிக்கு வந்தான். வாசலில் அந்த அம்பாசடர் ஸ்டீயரிங் முன்னால் அவனை உட்கார வைத்துப் பழக்கிக்கொண்டிருந்தேன். காலை நேரம். அக்காவின் ஜன்னல் திறந்திருந்தது. அதை நான் நினைக்கவில்லை. இரும்புச் சட்டத்தில் தட்டி "வரான்" என்றேன். அவன் பழைய பழக்கத்தில் "எடது" என்று திருப்பினான்.

"எடது ஒடிச்சே, நீயும் சாவே, வண்டியில இருக்கறவனும் சாவான். ரைட்டு. சொல்லு."

"ரைட்டு."

"சத்தமா சொல்லிக்கினே திருப்பு."

"ரைட்டு. ரைட்டு. ரைட்டு."

அவன் போன பிறகு சோறு எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அக்கா ஜன்னலைப் பார்த்துப் படுத்திருந்தாள். திரும்பாமலே பேசினாள்.

"அன்னிக்கு கார் எதிர்ல வந்தப்போ அவரு ஒரு வார்த்தை சொன்னாருடா. எடதுன்னு. கத்தல. பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாரு. ஏன் அப்பிடி சொன்னாருன்னு இத்தன நாளா யோசிச்சுக்கினே இருந்தேன்."

நான் தட்டை ஸ்டூலின் மேல் வைத்தேன்.

"அந்தப் புள்ளைக்கு ரைட்டுன்னு சொல்லிக் குடுக்கறியே அசோக்கு. அவருக்கு மட்டும் ஏன்டா எடதுன்னு சொல்லிக் குடுத்தே?"

அவளிடம் நான் பொய் சொன்னதில்லை. சின்ன வயதிலிருந்தே அவளிடம் மட்டும் சொன்னதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். குக்கர் மூடியைச் சொன்னேன். மஸ்கட்டைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நடுவில் ஒரு முறை, "என் பாப்பா உன்ன இன்னாடா பண்ணுச்சு?" என்றாள். குழந்தை என்னை ஒன்றும் செய்யவில்லை. அதைத்தான் சொன்னேன்.

அவள் அழவில்லை. அதற்குப் பிறகு என்னைப் பார்த்து வாயைத் திறக்கவும் இல்லை. பேசவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. சோற்றை உதட்டருகில் கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொள்வாள். ஒரு முறை தாடையைப் பிடித்து ஊட்டிப் பார்த்தேன். தாயம்மாள் பார்த்துவிட்டு மறுநாளிலிருந்து வரவில்லை. இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து காலுக்குப் பயிற்சி கொடுக்கும் புஷ்பலதா வந்தாள். நான் டீ போடப் போன நேரத்தில் அக்கா அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். டீயோடு வந்தபோது அந்தப் பெண் பையை எடுத்துக்கொண்டு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். மற்றது உங்களுக்குத் தெரியும்.

என் மேல் எந்தப் பிரிவில் வழக்குப் போடுவீர்கள் என்று தெரியவில்லை. வக்கீலுக்கும் தெரியவில்லை. நான் யார் மேலும் கை வைக்கவில்லை. விபத்து நடந்தபோது நான் கடல் தாண்டி இங்கே இருந்தேன். ஒருவருக்கு ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்தேன். நீதிமன்றத்தில் அது நிற்காது என்கிறார் வக்கீல். நிற்க வேண்டும் என்றுதான் இதையெல்லாம் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அக்காவை அடித்த ஒருவரிடமிருந்து அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தேன் என்பதை யாராவது ஒருவர் ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும். அதற்காகச் சொல்கிறேன். பிரேம்குமாரைக் கொல்ல வேண்டும் என்றுதான் சொல்லிக் கொடுத்தேன். தெரிந்தேதான் சொல்லிக் கொடுத்தேன். சலாலா போகிற அன்று தெரிந்தேதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இதை இப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

அக்காவைப் பொதட்டூர்பேட்டைக்குக் கௌரியம்மாளிடம் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பதாகச் சொன்னீர்கள். அவளாகவே கேட்டாள் என்றும், என்னைப் பார்க்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்றும் சொன்னீர்கள். இருக்கட்டும். கொஞ்ச நாள் அங்கே இருக்கட்டும். கோபம் தணிய வேண்டும். ஆனால் கௌரியம்மாளுக்கு எழுபது தாண்டிவிட்டது. சர்க்கரை வேறு. அந்த அம்மாள் எத்தனை நாள் தூக்கிப் புரட்ட முடியும். அதற்குப் பிறகு அக்கா யாரிடம் போவாள் என்று யோசித்துப் பாருங்கள்.

வருவாள், மேடம். என்னை விட்டால் அவளுக்கு இந்த உலகத்தில் யாரும் இல்லை. அந்த அளவுக்கு அவளை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.